ஜீர்ணோத்தாரணமா, விக்கிரயமா?

பழைய வீடு, பழைய மாடு, பழைய துப்பாக்கி ஆகிய மூன்றில் எதை ஒருவன் வைத்திருந்தாலும், அவனுக்கு யோசனை சொல்லுவதற்கு ஊரில் ஆளுக்குப் பஞ்சம் ஏற்படுவதில்லை. முதல் இரண்டைப் பற்றிச் சொல்லுகிறவர்கள் ஓரளவேனும் விஷயம் தெரிந்தவர்கள். மூன்றாவதைப் பற்றிச் சொல்லுகிறவர்களோ, சினிமாக் கொட்டகையைத் தவிர வேறெங்கும் துப்பாக்கி வெடித்துக் கேளாதவர்களாக இருந்தபோதிலும், "ரிப்பேர் செய்து வைத்துக்கொள்ளுங்கள்" என்றோ, "வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்றோ அணுவளவும் சந்தேகமின்றித் தீர்ப்பளித்துவிட்டு, தேநீர் வருகிறதா என்று உள்பக்கம் பார்க்கிறார்கள். ஜீர்ணோத்தாரணமா, விக்கிரயமா என்னும் இந்த விசாரம், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளாக எனக்கு ஒரு நித்திய கர்மாவாகவே ஆகிவிட்டது.

எங்கள் பள்ளிகொண்டாக்காரர்கள் விற்பதிலும் வாங்குவதிலும் சாமானியர்கள் அல்லர். மேற்கே ஆம்பூர், கிழக்கே வேலூர் என்று இரண்டு பக்கமும் தோல் வியாபாரம் தழைத்த பிரதேசத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். ஒரு தோலைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டு, அதன் தரம் என்ன, விலை என்ன என்று சொல்லிவிடக்கூடியவர்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கூடுகிற பொய்கை மாட்டுச் சந்தையில், துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே, வாய் திறவாமல், பல்லுப்போன பசுவைக் கன்றோடு விற்றுவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்புகிற நிபுணர்களும் எங்கள் பக்கத்தில் உண்டு. ஆனால் துண்டுக்கடியில் விலை பேச முடியாத ஒரே சரக்கு துப்பாக்கி என்பதையும், அப்படிப் பேசினால் அந்தத் துண்டோடு சேர்த்து நம்மையும் அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதையும், இந்த நிபுணர்களில் ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

துப்பாக்கியின் ஸ்வரூபத்தைச் சற்றே விவரிக்கிறேன். ஒற்றைக் குழல், வெளியே குதிரை உள்ள பழைய ரகம், நடுவில் மடித்துத் தோட்டாவைச் செருக வேண்டும். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் அவற்றில் ஒன்று எந்தக் குழலுக்குள் சரியாக நுழையுமோ அது பன்னிரண்டு போர் என்பது பூர்வீகக் கணக்கு; என்னுடையது அந்த ஜாதி. குழலின் நீளம் 30 அங்குலம். வழுவழுத்த குழல் 20 அங்குலத்துக்குக் குறையலாகாது என்று லைசென்சுக்குச் சட்டம் விதிக்கிறபடியால், இந்த ஒரு விஷயத்திலாவது அது சட்டத்தை மிஞ்சியே நிற்கிறது. கைப்பிடியின் குறுகிய இடத்தில் கட்டையில் ஒரு விரிசல். அதன்மேல் என் பாட்டனார் தாமிரக் கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டிருக்கிறார். குழலின் நுனியில் குறி பார்ப்பதற்கென்று இருந்த மணி எந்தக் காலத்திலோ உதிர்ந்துபோய், அவ்விடத்தில் பித்தளைப் பொட்டு ஒன்று ஈயப் பற்றோடு, நேர் நடுவிலிருந்து ஒரு நூல் இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு தரித்திரத்துக்கும் நடுவில், அதன் உறை மட்டும் ராஜகம்பீரமாக இருக்கிறது. குரோமியம் வருவதற்கு முந்திய பழைய முறையில், ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிப் பதமான தோல். பட்டை நிறம் கறுத்துத் தேன் நிறமாகி, இன்றைக்கும் மடித்தால் வெடிப்பதில்லை.

இது இங்கிலீஷ் துப்பாக்கி என்பதும், சீமைக்குத் திரும்பிப் போன ஒரு கலெக்டர் துரை என் பாட்டனாருடைய தைரியத்தை மெச்சித் தம் கையாலேயே கொடுத்துவிட்டுப் போனார் என்பதும் எங்கள் குடும்பத்தின் ஐதிகம். கல்யாண வீடுகளில் இந்தக் கதை சொல்லப்படும்போது துரையின் கண்கள் கலங்குவதும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு குழலின் அடிவயிற்றை ஆராய்ந்தேன். துருவைத் துடைத்த இடத்தில் ஒரு சிறு நீள்வட்டம், அதன் தலையில் ஒரு கிரீடம், உள்ளே ஈ, எல், ஜி என்று மூன்று எழுத்துக்கள். பெல்ஜியத்து லியேஜ் நகரத்தில், 1672-ஆம் ஆண்டிலிருந்து துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்திவரும் சாலையின் அடையாளம் அது. அந்நகரத்துப் பட்டறைகள் ஒரு காலத்தில் உலகம் முழுவதற்கும் மலிவுத் துப்பாக்கிகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிவைத்தன. ஆகவே, கலெக்டர் துரை இதைக் கொடுத்திருந்தாரேயானால் தம்முடைய பட்லருக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். இந்த அபிப்பிராயத்தை நான் வெளியிட்ட நாளிலிருந்து, என் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

வம்சம் எதுவாயினும் வீரம் இருந்ததா என்று கேட்கலாம். எங்களுக்கு மேற்கே, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில், கென்னத் ஆண்டர்சன் தமது .405 வின்செஸ்டர் ரைபிளோடு ஆட்கொல்லிப் புலிகளுக்காக இரவெல்லாம் மரத்தில் காத்திருந்து, பிறகு அதைப் புத்தகங்களாகவும் எழுதிவைத்தார். எங்கள் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதற்கு உரியது ஒரே ஒரு பன்றி. அதுவும் தீர்க்காயுசாக இருந்தது.

அந்த வைபவத்தை நான் நேரில் கண்டவன். நிலக்கடலை முற்றியிருந்த காலம். மலையடிவாரத்திலிருந்து இரவில் பன்றிகள் இறங்கி, உழவு மாட்டுக்கும் வராத சுத்தத்தோடு கொல்லையை உழுதுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அவற்றைச் சுடலாகாது என்பதை என் தந்தையார் அறிவார். வானத்தை நோக்கி ஒரு வெடி வெடித்து விரட்டுவதே அவருடைய வழக்கம். அன்றைக்கு நான் டார்ச்சைப் பிடித்தேன். வரப்பின்மேல் ஒரு பெரிய ஆண் பன்றி நின்றது. தந்தையார் குழலை நட்சத்திரங்களுக்கு நேராக உயர்த்தி, குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையைத் தொட்டார். "டொக்" என்று ஒரு சத்தம். வீட்டில் மிளகு தட்டினால்கூட அதைவிடப் பலமாகக் கேட்கும். மறுபடியும் இழுத்தார், மறுபடியும் "டொக்." பன்றி தலையைத் தூக்கி, எங்கள் இருவரையும், பிறகு வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அடுத்த செடியைப் பிடுங்கிற்று. கடைசியில் என் தாயார் வீட்டுத் திண்ணையிலிருந்து போட்ட கூச்சலுக்குத்தான் அது நகர்ந்தது.

குதிரையின் ஸ்பிரிங் தளர்ந்துபோயிற்று என்பதுதான் வியாதி. ஊசி தோட்டாவின் அடியைத் தொடுகிறதே தவிரக் குத்துவதில்லை. கூடவே, குழல் மடிகிற கீலில் உள்ள ஆணி தேய்ந்து, மூடிய பிறகும் மயிரிழை இடைவெளி தெரிகிறது. இவ்வளவையும் சரி செய்வது பெரிய காரியமா என்று கேட்டால், எங்கள் ஊரில் அல்ல. தோல் ஷாப்புகளில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு உள்ள மர டிரம்முகளையும், தோலைக் காகிதமாய்ச் சீவுகிற இயந்திரங்களையும் பிரித்து மாட்டுகிற ஃபிட்டர் பாய் ஒருவர் எனக்கு நெடுநாளைய சிநேகிதர். அவர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா பெரிய வேலை வாத்தியாரே? லேத்துல போட்டு ஒரு பின் கடைஞ்சு, ஸ்பிரிங்க மாத்திட்டா இன்னும் அம்பது வருசம் ஓடும்" என்றார்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்சு வேண்டும் என்று நான் விளக்கினேன்.

"ஒரு ஸ்பிரிங்குக்கா?"

"ஒரு ஸ்பிரிங்குக்குத்தான்."

அவர் சிறிது நேரம் ஆழ்ந்து யோசித்தார். "எண்ணெய் போடலாமா, அதுக்கும் லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டார். எண்ணெய் போடுவதைச் சட்டம் தடுப்பதாகத் தெரியவில்லை என்றேன். தமது கலையைக் காட்ட வேறு வழியில்லாமல் செய்துவிட்ட சட்டத்தின்மீது இருந்த கோபம் முழுவதையும் அவர் எண்ணெயாகவே வார்த்துவிட்டார். அன்று ஊற்றிய எண்ணெயில் ஒரு பங்கு இரும்புக்குப் போயிற்று. மிச்சத்தைக் கட்டையின் விரிசல் குடித்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வாசகர், "வேண்டாமே ஐயா, பயிரைக் காப்பதற்கு இருக்கிற ஆயுதம் இல்லாவிட்டால் பயிர் என்ன ஆகும்?" என்று இரங்கக்கூடும். அவருக்குச் சொல்லுகிறேன். லைசென்சில் சொத்து, பயிர்ப் பாதுகாப்பு என்று எழுதியிருப்பது மெய்யே. ஆனால் எங்கள் கொல்லை பாலாற்றங்கரையில் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வருகிற அந்த ஆறு, தண்ணீர் வருகிற வருஷங்களில் தண்ணீரையும், வராத வருஷங்களில் தோல் ஷாப்புக் கழிவின் உப்பையும் நிலத்தடியில் சேர்ப்பித்துவந்தது. வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே கெட்டதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், அத்தீர்ப்பை நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக வைத்திருப்பதும் எங்கள் ஜில்லாவுக்குப் பெருமைதான். கிணற்றுக்கு அந்தப் பாடம் இன்னும் நடத்தப்படவில்லை. நிலக்கடலை போயிற்று, தென்னை மட்டும் மஞ்சள் பாரித்துக்கொண்டு நிற்கிறது, பன்றிகளும் நிலைமையை உணர்ந்து, முள் கத்திரிக்காய்க்குப் பெயர்போன இலவம்பாடிப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டன. ஆகக்கூடி, காப்பதற்கு உரிய பயிரும் இல்லாமல், விரட்டுவதற்கு உரிய பன்றியும் இல்லாமல், சுடுவதற்கு உரிய ஸ்பிரிங்கும் இல்லாமல், லைசென்சு ஒன்று மட்டும் பூரண ஆரோக்கியத்தோடு விளங்குகிறது. அதைப் புதுப்பிக்கச் சத்துவாச்சாரியில் உள்ள கலெக்டர் கச்சேரிக்குப் போய்வருவதுதான் எங்கள் மூன்று தலைமுறையும் இந்த ஆயுதத்தைக் கொண்டு செய்த பிரதான யுத்தம்.

சாஸ்திரோக்தமாகவே செய்துவிடுவோம் என்று, பழுது பார்க்கும் லைசென்சு பெற்ற சென்னைக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் வயோதிகர், மிகுந்த மரியாதைக்காரர். குழலின் கீழ்க் கட்டையைக் கழற்றிவிட்டு, தேங்காய் வாங்குகிறவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது போல் துப்பாக்கியை ஆட்டிப் பார்த்தார். "லொடக், லொடக்" என்று கீல் தன் சரித்திரத்தைச் சொல்லிற்று. பிறகு குழலைக் கழற்றி, குழல் விளக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் உள்ளே பார்த்தார். "அம்மை வார்த்திருக்கிறது" என்றார். துரு தின்ற குழிகளை அப்படிச் சொல்லுவது அவர்கள் வழக்கம். "கட்டைக்கு எண்ணெய் ஊற்றியது யார்?" என்று அவர் கேட்ட குரலில், பிரேதப் பரிசோதனைக்கு உரிய கண்டிப்பு இருந்தது.

அதன் பின்னர் சிங்கத்தைத் தேடினோம். பழைய கரும்பொடிக்கு மட்டும் தாங்குமா, புகையில்லாத நவீன வெடிமருந்தின் அழுத்தத்தையும் தாங்குமா என்பதை லியேஜ்காரர்கள் குழலிலேயே குறித்து அனுப்புவார்களாம். தாங்குமென்றால் சிங்கம் ஒன்றும் அதன்கீழ் இரண்டு எழுத்துக்களும் இருக்க வேண்டும். நானும் அவரும் மாற்றி மாற்றிப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். கிரீடம் இருந்தது, சோதித்தவருடைய இனிஷியல் ஒன்றும் இருந்தது, சிங்கம் மட்டும் கிடைக்கவில்லை. அத்தோடு, அறை 65 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்பட்டது. இப்போது கடைகளில் சாதாரணமாய்க் கிடைப்பது 70. நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் நுழைந்துவிடுமாம். அதுதான் ஆபத்து என்றார். வெடிக்கும்போது அதன் வாய் விரிவதற்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிவிடும். அவ்வாறு ஏறினால் எந்தப் பக்கம் வெடிக்கும் என்று நான் வினவியதற்கு, "அது துப்பாக்கியின் இஷ்டம்" என்று சாந்தமாகப் பதிலளித்தார்.

ரிப்பேருக்கு அவர் சொன்ன தொகை, வாங்குவதானால் தருவதாகச் சொன்ன தொகையைப் போல் மும்மடங்கு. "என்னைக் கேட்டால், இதை ரிப்பேர் செய்வதைக் காட்டிலும் விற்றுவிடுவதே உசிதம்" என்றார். விலைக்கு எடுத்துக்கொள்ளுங்களேன் என்றதற்கு, ரிப்பேர் இல்லாமல் தம்மால் யாருக்கும் விற்க முடியாது என்றார். உறையை மட்டும் இருமுறை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "இதைக் கொடுப்பதானால் நல்ல விலை தருகிறேன்" என்று கூறியபோது, என் பாட்டனாருடைய ஆஸ்தியில் எது ஆஸ்தி என்பது எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

தனிப்பட்டவருக்கே விற்பது என்று தீர்மானித்து, குடியாத்தம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவரைப் பிடித்தேன். லைசென்சு உடையவர், கையில் துப்பாக்கி இல்லாதவர், இப்படிப்பட்ட வரன் அமைவது துர்லபம். அவர் வந்து பார்த்து, குதிரையை இழுத்து விட்டு, "டொக்" என்பதைக் கேட்டுவிட்டு, "ரிப்பேர் பண்ணிக் குடுத்துடுங்க ஐயா, மறுபேச்சில்லாம வாங்கிக்கிறேன்" என்றார். நெடிய சம்பாஷணைக்குப் பிறகு, இருக்கிற கோலத்திலேயே, உறை சேர்க்காமல், குறைந்த விலைக்கு என்று முடிவாயிற்று. விற்பவன் தன் உத்தேசத்தையும், வாங்குகிறவருடைய பெயர் விலாசத்தையும் மாவட்ட மாஜிஸ்டிரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் அறிவித்து, 45 நாள் கழிந்த பிறகே சரக்கைக் கைமாற்றலாம் என்பது விதி. எங்கள் பக்கத்தில் கல்யாணங்களே அதைவிடக் குறைந்த அவகாசத்தில் நடந்து, முறிந்தும் விடுகின்றன.

அந்த 45 நாள் முடிவதற்குள், 2024 மார்ச் 16-ஆம் தேதி பாராளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. தேர்தல் வந்தால் லைசென்சுத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். ஜனநாயகத்துக்கு என் துப்பாக்கியால் இடையூறு நேருமென்று அரசாங்கத்தார் கருதுவது ஒன்றே அதற்குக் கிடைத்த மெய்யான கௌரவம். 2019-இல் எங்கள் வேலூர்த் தொகுதிக்கு ஏப்ரல் 18-ஆம் தேதி வாக்குப்பதிவு என்று குறித்து, பணப் பறிமுதல் காரணமாக இரண்டு நாள் முன்னதாக அதை ரத்துச் செய்து, பிறகு ஆகஸ்டு 5-ஆம் தேதிக்கு வைத்தார்கள் அல்லவா? தேசம் முழுவதும் ஓட்டுப்போட்டு, எண்ணி, மந்திரிசபையும் அமைத்து முடித்த பிறகும், எங்கள் தொகுதியும் என் துப்பாக்கியும் முடிவு தெரியாமல் கிடந்தன. அந்த அனுபவத்தால் இம்முறை நான் பதறவில்லை. ஜூன் 4-ஆம் தேதி எண்ணிக்கை முடிந்து, துப்பாக்கி திரும்பி வந்து, குடியாத்தத்துக்காரருக்கு ஆள் அனுப்பினேன். அவர் இதற்குள் ஒரு ஒலிபெருக்கி வாங்கிவிட்டார். பாட்டரியில் ஓடுகிறது; இரவெல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அவருடைய சம்சாரத்தின் குரலில் "ஏய், எவண்டா அது?" என்று அதட்டுகிறது. பன்றி வருவதில்லையாம். அவரும் தோட்டத்துப் பக்கம் படுப்பதை விட்டுவிட்டார் என்று கேள்வி.

இனி வாரிசு ஒன்றுதான் மிச்சம். லைசென்சுதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, 25 வருஷம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொள்ள 2016-ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. நான் இரண்டிலும் தேறியவன். சென்னையில் வாடகைக்குக் குடியிருக்கும் என் புத்திரனிடம் பிரஸ்தாபித்தேன். "அப்பா, இந்த ஃப்ளாட்டில் நாய் வளர்க்கிறதுக்கே அசோசியேஷன் கூட்டம் போடுறாங்க" என்றான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் என் குமாரத்தியோ, துப்பாக்கியை ஏறெடுத்தும் பாராமல் உறையை மடியில் வைத்துக்கொண்டு, ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நகத்தால் எண்ணிப் பார்த்து, "இந்தக் கைத்தையல் எங்க ஸாம்பிள் ரூம்ல ஒருத்தருக்கும் வராதுப்பா" என்று சொல்லி அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உறை போன பிறகு வீட்டில் அதை எங்கே வைப்பது என்ற பிரச்சினையை என் சம்சாரம் கிளப்பினாள். பெருமாளே பள்ளிகொண்டிருக்கிற ஊரில் ஒரு பழைய துப்பாக்கி பரணில் பள்ளிகொள்வதற்கு என்ன ஆட்சேபம் என்று கேட்டேன். திருடன் வந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மையே மிரட்டுவான் என்றாள். அது வெடிக்காதே என்றதற்கு, "அது அவனுக்குத் தெரியுமா?" என்றாள்.

ஆகவே, அதே சென்னைக் கடைக்காரரிடம், பாதுகாப்பு வைப்பாக, மாத வாடகை பேசி ஒப்படைத்துவிட்டேன். என் மகன் இருக்கும் பேட்டையைக் காட்டிலும் நல்ல பேட்டை, சுவரும் கனம், வாடகையை ஆண்டு முன்பணமாகக் கட்டிவிட்டால் மேற்கொண்டு தொந்தரவில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் லைசென்சு மூன்று வருஷத்துக்குப் பதிலாக ஐந்து வருஷம் செல்லும் என்பதால் நானும் நிம்மதியாக இருந்தேன். சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. புதுப்பிக்கும் காலம் நெருங்குகிறதென்றும், அதிகாரிகள் பரிசீலனைக்கு ஆயுதத்தை நேரில் காட்டச் சொல்லக்கூடும் என்றும், அவ்வமயம் அது ஆயுதமென்று தோன்றும் ஸ்திதியில் இருப்பது விரும்பத்தக்கதாகையால், அதற்கு முன் ஒரு சிறு ரிப்பேர் செய்துவிட என் சம்மதம் உண்டா என்றும் கேட்டிருக்கிறார். மறுபக்கத்தில், உறை இன்னும் இருக்கிறதா என்று ஒரு வரி.